பத்து ஆண்டுகளில் ஆப்கள் எதை மாற்றின? ஒரு செல் கடைக்காரரின் பதில்

நீங்கள் கேட்ட கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஸ்மார்ட்ஃபோன் ஆப்கள், வசதி கூடியதைத் தவிர, அன்றாட வாழ்க்கையில் உண்மையிலேயே எதை மாற்றின என்பது ஒன்று. பட்டன் ஃபோனை விடமாட்டேன் என்று இருக்கும் உங்கள் எழுபது வயது அப்பா இதனால் எதையாவது இழக்கிறாரா என்பது இன்னொன்று. கும்பகோணத்தில் 2011 முதல் செல் கடை வைத்திருக்கிறேன். விற்பனை, ரீசார்ஜ், சர்வீஸ் மூன்றும் உண்டு. ஃபோனை வைத்து ஜனங்கள் என்ன செய்கிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்பதைத் தினமும் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆப்கள் நம் வேலையைக் குறைத்தன என்பது பாதி உண்மைதான். பெரும்பாலான இடங்களில் வேலை கை மாறியது. டிக்கெட் கவுன்டரில், வங்கியில், மின்வாரிய அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் செய்துகொண்டிருந்த வேலை நம்மிடம் வந்தது. அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு நாள் கணக்கில் நேரம் மிச்சம். தெரியாதவர்கள், முன்பு யாருடைய துணையும் இல்லாமல் செய்த காரியத்துக்கு இப்போது ஒரு ஆளைத் தேடுகிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்துதான் மாற்றம். ஒன்றை மட்டும் சொன்னால் கதை பிசகிவிடும்.

2013, 2014இல் கடை எப்படி இருந்தது என்று சொன்னால் வித்தியாசம் புரியும். வருபவர்களில் பாதிப் பேர் ரீசார்ஜுக்கு வருவார்கள். பத்து ரூபாய் டாப்அப், அழைப்புக் கட்டணத்தைக் குறைக்கும் ரேட் கட்டர், எஸ்எம்எஸ் பேக். அடுத்த கூட்டம் மெமரி கார்டில் பாட்டு ஏற்ற வரும். 4 ஜிபி கார்டை நீட்டி, "பழைய பாட்டு பாதி, புதுப் பாட்டு பாதி, ஆடி மாசம் வருது, கொஞ்சம் அம்மன் பாட்டும் போட்டுடுங்க தம்பி" என்பார்கள். அநேகமாக எல்லாச் செல் கடைகளிலும் இதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். டச் ஃபோன் வாங்கியவருக்கு ஜிமெயில் கணக்கைக் கடையில்தான் தொடங்கித் தருவோம். பாஸ்வேர்டை பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுப்போம். பில் தொலைந்துவிடும். பின்னொரு நாள் பேட்டர்ன் லாக்கைப் பலமுறை தவறாகப் போட்டால் அந்த ஜிமெயிலைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும், உரிமையாளர் விழிப்பார். ஆப் வேண்டுமென்றால் பிளே ஸ்டோருக்குப் போகிறவர்கள் குறைவு. நெட் செலவாகுமே! ஒருவர் ஃபோனிலிருந்து இன்னொருவர் ஃபோனுக்கு ஷேர்இட் வழியாக ஏற்றிக்கொள்வதுதான் வழக்கம்.

3ஜி நெட் 1 ஜிபி சுமார் 250 ரூபாய் விற்ற காலம் அது. நெட்டை ஆன் செய்து, வாட்ஸ்அப்பில் வந்திருப்பதைப் பார்த்து, பதில் போட்டு, உடனே ஆஃப் செய்துவிடுவார்கள். குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அடைப்பது போல. ஃபோன் விலை மட்டும் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. 2014 மே மாதம் மோட்டோ ஈ 6,999 ரூபாய்க்கு வந்தது. செப்டம்பரில் ரெட்மி 1எஸ் 5,999 ரூபாய்க்கும், ஆண்ட்ராய்டு ஒன் ஃபோன்கள் 6,399 ரூபாயிலிருந்தும் வந்தன. அவற்றில் பல ஆன்லைனில் மட்டும் விற்றதால் எங்களைப் போன்ற கடைகளுக்கு அடிதான். ஆனால் கொத்தனார் வேலைக்குப் போகிற பையன் கையிலும் ஆண்ட்ராய்டு வந்தது அந்த விலையால்தான். ஆக, கையில் ஃபோன் வந்துவிட்டது, அதற்குள் ஓட வேண்டிய நெட் வரவில்லை.

2016 பிப்ரவரி 22 அன்று எங்கள் ஊரில் மகாமகம். லட்சக்கணக்கில் ஜனம் வந்தது. குளக்கரையில் எல்லோர் கையிலும் ஃபோன், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் பொரி கடலை வாங்கியதும், ஆட்டோவுக்குக் கொடுத்ததும், விடுதிக்குக் கட்டியதும் ரொக்கம். யுபிஐ அப்போது பிறக்கவே இல்லை. அடுத்த பத்து மாதத்துக்குள் மூன்று விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஏப்ரலில் யுபிஐ அறிவிக்கப்பட்டு, ஆகஸ்ட் கடைசியில் 21 வங்கிகளோடு பொதுமக்களுக்குத் திறந்தது. செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. முதலில் டிசம்பர் வரை, பிறகு 2017 மார்ச் வரை நெட் இலவசம். நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு.

ஜியோ வந்த சில மாதங்களில் மெமரி கார்டு வியாபாரம் முடிந்தது. யூடியூபில் எந்தப் பாட்டும் கேட்கலாம் என்று ஆன பிறகு யார் வந்து ஏற்றுவார்கள்? அந்தக் கம்ப்யூட்டரை பில் போட வைத்துக்கொண்டேன். ரீசார்ஜும் மெல்ல வாடிக்கையாளர் கைக்கே போனது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாட்டுக்காகவும் பத்து ரூபாய் டாப்அப்புக்காகவும் ஒருவர் கடை வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை என்பது நல்லதுதான்.

பணத்தைப் பற்றிப் பேசும் முன் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பத்தாண்டில் மனசை அதிகம் தொட்ட மாற்றம் அதுதான் என்பேன். தஞ்சை, நாகை, திருவாரூர் பக்கம் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஒருவர் வேலை செய்யாத தெரு அபூர்வம். முன்பெல்லாம் அங்கிருந்து காலிங் கார்டு போட்டுப் பேசுவார்கள். நிமிடம் எண்ணிப் பேச வேண்டும். நலம் விசாரித்து, பணம் வந்ததா என்று கேட்டு, பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குள் கார்டு தீர்ந்துவிடும். இங்கே இருக்கும் மனைவி என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வார்.

அப்புறம் ஐஎம்ஓ வந்தது. நகரங்களில் இந்த ஆப்பைப் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். எங்கள் பக்கம் வளைகுடாக் குடும்பங்களுக்கு வாட்ஸ்அப்பைவிட அதுதான் முக்கியம். நெட் மெதுவாக இருந்தாலும் வீடியோ ஓடும். வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்ததே 2016 நவம்பரில்தான். அதற்குப் பிறகும் ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு அடைக்கப்பட்டே இருந்தது. சவுதி 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகளுக்கான தடையைத் தளர்த்தியது. அந்த நாட்களில் கடைக்கு வந்து, "ஐஎம்ஓ எடுக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க தம்பி" என்று கேட்ட அம்மாக்களின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்களுக்கு அது ஆப் இல்லை, பிள்ளையின் முகம். சரி செய்து கொடுத்து, கடையிலேயே அழைப்பு போய் எதிர்ப்பக்கம் எடுத்துவிட்டால், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவேன்.

இதோடு சேர்த்து வாய்ஸ் மெசேஜைச் சொல்ல வேண்டும். 2013இல் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சின்ன மைக் பொத்தான். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஃபோனைத் திறந்துவிட்டது அதுதான். எழுத வேண்டாம், எதிராளி எப்போது ஓய்வாக இருப்பார் என்று காத்திருக்க வேண்டாம். அழுத்திப் பிடித்துப் பேசிவிட்டால் போதும், அவர் வேலை முடிந்து வந்து கேட்பார். 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளுக்குக் குரல்வழித் தட்டச்சைச் சேர்த்தது. பூக்கட்டும் அம்மா ஒருவர் கையில் நாரும் பூவுமாக, ஃபோனைப் பார்த்து "மல்லிகைப் பூ சாகுபடி" என்று சொல்லி யூடியூபில் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் தெரிந்தால்தான் ஃபோன் என்றிருந்த கதவு அங்கே உடைந்தது.

இனி பணம். பண மதிப்பிழப்பு நடந்த மறுநாளே எல்லோரும் யுபிஐக்கு மாறிவிட்டது போலப் பலர் எழுதுகிறார்கள். கடைத்தெருவில் அப்படி நடக்கவில்லை. 2016 கடைசியில் பணத்தட்டுப்பாட்டில் சிலர், முன்கூட்டியே பணம் போட்டு வைத்துச் செலவழிக்கும் வாலட் ஆப்களைத் தொடங்கினார்கள். புது 2000 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை கொடுக்க முடியாமல் கடைக்காரர்களும் தவித்தார்கள். ஆனால் நோட்டுகள் புழக்கத்துக்கு வந்ததும் பெரும்பாலோர் ரொக்கத்துக்கே திரும்பினார்கள். யுபிஐ சாதாரண ஆட்கள் கைக்கு வந்தது 2017 செப்டம்பரில் கூகுள் தேஸ் வந்த பிறகுதான். மறுவருடம் அது கூகுள் பே ஆயிற்று. ஸ்க்ராட்ச் கார்டில் காசு விழும் என்ற ஆசை நிறையப் பேரை உள்ளே இழுத்தது. 2019 தீபாவளிக்கு ஐந்து ஸ்டாம்ப் சேர்த்தால் 251 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் ரங்கோலி ஸ்டாம்ப் மட்டும் கிடைக்கவே கிடைக்காது. கல்லூரிப் பையன்கள் ரங்கோலிக்காக ஒருவருக்கொருவர் பணம் அனுப்பி விளையாடியதில், வீட்டில் இருந்த அண்ணன், சித்தப்பா, மாமா எல்லோர் ஃபோனிலும் ஆப் ஏறிவிட்டது. அந்த அக்டோபர் மாதத்தில்தான் யுபிஐ முதன்முதலாக மாதம் 100 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் மாதம் 1,000 கோடி, 2025 ஆகஸ்டில் 2,000 கோடி.

ஏன் இது மட்டும் இப்படிப் பரவியது? உள்ளே நடப்பது எளிமையானது என்பதால். ஜிபே, ஃபோன்பே எதிலும் நம் பணம் இருப்பதில்லை. அவை வாசல்கள், பணம் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. நீங்கள் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பின் நம்பர் அடித்ததும், கோரிக்கை, யுபிஐயை நடத்தும் நிறுவனமான என்பிசிஐயின் மையத்துக்குப் போகும். அது உங்கள் வங்கியில் பற்று வைக்கச் சொல்லி, கடைக்காரரின் வங்கியில் வரவு வைக்கச் சொல்லும். நீங்கள் எந்த ஆப், அவர் எந்த ஆப், எந்த வங்கி என்பதெல்லாம் பொருட்டே இல்லை. அதற்கு முன் இருந்த வாலட்களில் இரண்டு பக்கமும் ஒரே ஆப் வேண்டும். இன்னொன்று, 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. கார்டு மெஷின் வைத்தால் நூற்றுக்கு இவ்வளவு என்று போய்விடும். பன்னிரண்டு ரூபாய் டீயில் அதையும் கொடுத்தால் டீக்கடைக்காரர் என்ன செய்வார்?

டீக்கடை என்றதும் ஒரு விஷயம். கியூஆர் அட்டை ஒட்டிய பிறகும் பல டீக்கடைகளில் அது சரியாக ஓடவில்லை. மாஸ்டர் கை பாய்லரிலும் பால் சட்டியிலும் இருக்கும். காலை ஆறு மணிக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஃபோனை நீட்டி "போட்டாச்சு" என்றால், யார் போட்டார், யார் பழைய ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினார் என்று எப்படித் தெரியும்? அந்தச் சிக்கலைத் தீர்த்தது பேசும் பெட்டி. தனக்கென்று ஒரு சிம் உள்ள சின்ன ஸ்பீக்கர். பணம் கணக்கில் விழுந்ததும் தொகையைத் தமிழில் சொல்லும். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம், காதில் விழுந்தால் போதும். என்னைக் கேட்டால், தெருவோரக் கடைகளில் யுபிஐ நிலைத்ததற்கு எந்த விளம்பரத்தையும்விட இந்தப் பெட்டிதான் காரணம்.

சில்லறைத் தகராறு தீர்ந்தது. மளிகைக் கடையில் மீதி இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்த காலம் முடிந்தது. மொய்யிலும் கியூஆர் நுழைந்தது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணத்தில் பத்திரிகையிலேயே கியூஆர் அச்சிட்டது செய்தி ஆனது. 2023 பிப்ரவரியில், யுபிஐ போலவே சிங்கப்பூரில் பணம் அனுப்பும் முறையான பேநௌவுடன் யுபிஐயை இணைத்தார்கள். அங்கே இருக்கும் மகன் ஃபோனிலேயே அனுப்பும் பணம், இங்கே அப்பா கணக்கில் உடனே விழுகிறது.

ஆனால் சிறு வியாபாரிக்கு இதில் வேறொரு பக்கமும் இருக்கிறது. கல்லாப் பெட்டியில் பணம் இருந்தபோது ராத்திரி கடை சாத்தி எண்ணி, நாளைக்குச் சரக்குக்கு இவ்வளவு, தண்டல்காரருக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். இப்போது பெரும்பகுதி வங்கிக்குப் போகிறது. அங்கே மாதத் தவணை, குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம் என்று, கை வைக்கும் முன்பே ஒரு பகுதி போய்விடும். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொண்ட மனைவி, இப்போது கணவரின் ஃபோனைக் கேட்க வேண்டியிருக்கிறது. வரவு முழுக்கப் பதிவில் இருப்பதால் வரித்துறைக்கும் தெரிகிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு வணிகவரி நோட்டீஸ் போனதும், பெங்களூரில் பலர் கியூஆர் அட்டையை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். அதே பதிவைக் காட்டி வங்கியில் கடன் வாங்கியவர்களும் உண்டு. இரண்டும் ஒரே பதிவிலிருந்து வருபவைதான்.

மேலே வேலை கை மாறியது என்று சொன்னேனே, அது இங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். இப்போது என் கடைக்கு ரீசார்ஜுக்கு வருபவர்கள் குறைவு. வருபவர்களில் பலர் ஃபோனை நீட்டிக் கேட்பது இப்படி: "கரண்ட் பில் கட்டினேன், பணம் போச்சு, பில் கட்டலைன்னு வருது." "ரயில் டிக்கெட்டுல பேரு தப்பா போட்டுட்டேன்." "கேஸ் புக் ஆச்சா பாருங்க." முன்பு இந்தத் தவறுகள் நடந்தால் கவுன்டரில் இருப்பவரிடம் சண்டை போடலாம். இப்போது தவறு நம்முடையது. தட்டியது நம் விரல். புகார் சொல்ல ஓர் ஆள் இல்லை. ஒரு எண், அது கேட்கும் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம் இது. வேலையை ஜனங்கள் தலையில் வைத்தவர்கள், தவறு நடந்தால் கேட்க ஓர் ஆளையாவது உட்கார வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, செல் நம்பரே ஆளின் அடையாளம் ஆகிவிட்டது. யுபிஐ ஆப்பைப் புதிதாகத் தொடங்கும்போது அது உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். வங்கியில் பதிவான நம்பரும் அந்த சிம்மும் ஒன்றுதானா என்று அப்படித்தான் சோதிக்கிறது. ரீசார்ஜில் எஸ்எம்எஸ் வசதி இல்லாத மலிவான பேக் போட்டிருந்தால் அது போகாது, ஆப் தொடங்காது. ஆப் கெட்டுப்போச்சு என்று கடைக்கு வருகிறவர்களில் பலருக்குச் சிக்கல் இதுதான். நம்பர் போனால் எல்லாம் போகும் என்பதைத் தமிழ்நாடு 2018 பிப்ரவரியில் நேரடியாகப் பார்த்தது. தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் கடனில் மூழ்கி, டவர்கள் அணைந்து, சிக்னல் போனது. வேறு நிறுவனத்துக்கு மாற போர்ட் எஸ்எம்எஸ் வர வேண்டும். சிக்னலே இல்லாமல் அது எப்படி வரும்? எங்கள் தெருவில் செல் கடைகள் எல்லாவற்றிலும் திருவிழாக் கூட்டம். அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன்பு அது நடந்திருந்தால் பேச முடியவில்லையே என்ற கவலை மட்டும் இருந்திருக்கும். 2018இல் வங்கி ஓடிபி, வாட்ஸ்அப், கேஸ், ஆதார் எல்லாமே அந்த நம்பரில்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2023 செப்டம்பர் 15இலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேலான பெண்களின் சொந்தக் கணக்கில் வரத் தொடங்கியது. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் கணக்கு அவர் பெயரில் இருந்தாலும், கணக்கோடு இணைத்த நம்பர் பல வீடுகளில் கணவருடையது, மகனுடையது. பணம் வந்த எஸ்எம்எஸ் அங்கே போகிறது, யுபிஐயும் அங்கேதான் திறக்கும். "பணம் வந்துச்சா தம்பி?" என்று என்னிடம் கேட்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது, சொந்தமாக ஒரு சிம் வாங்கி வங்கியில் அந்த நம்பரை மாற்றுங்கள் என்பதுதான்.

கொரோனா காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு. வகுப்பு ஃபோனுக்கு வந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ஃபோன் இருந்த வீடுகளில் யாருக்கு வகுப்பு என்பது தினசரிச் சண்டை. நகையை அடகு வைத்து ஃபோன் வாங்க வந்த பெற்றோர்களைப் பார்த்தேன். நிறைய வீடுகளில் ஸ்மார்ட்ஃபோன் நிரந்தரமாக நுழைந்தது அந்த வருடம்தான்.

கூடவே நுழைந்தவை கடன் ஆப்கள். வேலை போன நேரத்தில் ஆதார், பான், ஒரு செல்ஃபி, ஐந்து நிமிடத்தில் மூவாயிரம் ரூபாய். ஆப் ஏற்றும்போது கான்டாக்டையும் கேலரியையும் பார்க்க அனுமதி கேட்கும். அவசரத்தில் இருப்பவர் படிக்காமல் சரி கொடுப்பார். தவணை ஒரு வாரம் தள்ளினால் கான்டாக்டில் உள்ள மாமனாருக்கும் முதலாளிக்கும் அசிங்கமாக மெசேஜ் போகும், படத்தை மாற்றி அனுப்புவார்கள். நாடு முழுக்க உயிர்கள் போயின. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் கான்டாக்ட், கேலரி போன்றவற்றைத் தொடக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2023இல் கூகுளும் பிளே ஸ்டோரில் அதையே தடுத்தது. நல்லதுதான், ஆனால் தாமதம். ஆன்லைன் ரம்மியும் இப்படித்தான். 2020இல் தமிழக அரசு கொண்டுவந்த தடை, நீதிமன்றம், புதுச் சட்டம், ஆளுநர், மறுபடி நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை விதிக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில்தான் நிறைவேறியது.

சாப்பாடு டெலிவரி, டாக்சி ஆப்களைப் பற்றி ஊரெல்லாம் பேசியாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சென்னையில் ஆட்டோ மீட்டர் கட்டணத்தை 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு வைத்தது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுக்கு மேல் அதைத் திருத்தவில்லை. அந்த இடைவெளியில் கட்டணத்தை முடிவு செய்யும் அதிகாரம் ஆப்களுக்குப் போய்விட்டது. பயணிக்குப் பேரம் பேசும் தொல்லை போனது. ஓட்டுநருக்கு, யாரிடம் பேசினால் கட்டணம் கூடும் என்பதே தெரியாமல் போனது. டெலிவரி பையன்கள் என்னிடம் வாங்குவது பவர் பேங்க், பைக்கில் ஃபோன் மாட்டும் ஸ்டாண்டு, மழைக்கு பிளாஸ்டிக் உறை. சார்ஜ் தீர்ந்தால் அவர்களுக்கு அன்றைய கூலி நின்றுவிடும். இவர்களுக்காகத் தனி நல வாரியம் என்று 2023 சுதந்திர தினத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வாரியத்தில் எல்லோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பார்க்கிற பையன்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேரம் போவதைப் பற்றிக் கேட்பீர்கள். டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று மற்ற 58 ஆப்களோடு தடை செய்தார்கள். எங்கள் ஷேர்இட்டும் அதில் போனது. ஒரு மாதத்துக்குள் இன்ஸ்டா ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். பழக்கம் போகவில்லை, இடம் மாறியது. இதில் பிள்ளைகளை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஷார்ட்ஸ் பார்ப்பதில் ஐம்பது வயதுக்காரர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

சரி, உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். அவர் இழப்பது இரண்டு. ஒன்று, பேரப்பிள்ளைகளின் முகம்; வீடியோ அழைப்பு இல்லாமல் அதற்கு மாற்று கிடையாது. இன்னொன்று, கவுன்டர்கள் குறையக் குறைய, முன்பு தானே போய்ச் செய்த வேலைகளுக்கு உங்களை எதிர்பார்க்க வேண்டியிருப்பது. இரண்டாவதுதான் அவருக்கு உறுத்தும், வெளியே சொல்ல மாட்டார். ஷார்ட்ஸும் கடன் ஆப்பும் இல்லாததில் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பட்டன் ஃபோன் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளட்டும். நெட் இல்லாமலேயே *99# அடித்து இருப்பு பார்க்கலாம், பணம் அனுப்பலாம். 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே பட்டன் ஃபோனுக்கென்றே உள்ளது, அழைத்துப் பேசியே பணம் கட்டலாம்.

டச் ஃபோனுக்கு மாற அவரே விரும்பினால், முதலில் வீடியோ அழைப்பை மட்டும் கற்றுக்கொடுங்கள். ஒரு மாதம் போகட்டும். அப்புறம் பணம். ஓய்வூதியக் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். தனியாக ஒரு கணக்கில் ஐயாயிரம் ரூபாய் போட்டு அதை இணையுங்கள். இல்லாவிட்டால் 2024இல் வந்த யுபிஐ சர்க்கிளைப் பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்து மாதம் 15,000 ரூபாய் வரை அவர் செலவு செய்ய நீங்கள் அனுமதி கொடுக்கலாம். கடையில் அவரே ஸ்கேன் செய்து கொடுக்கும் முதல் நாள் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் ஃபோனை வாங்கிச் செய்துவிடாதீர்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, பணம் போவதற்கும் இருப்பு பார்ப்பதற்கும்தான் அது வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பரிசு வந்திருக்கிறது, பின் போடுங்கள் என்று யார் சொன்னாலும் திருட்டுதான். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் யோசிக்காமல் 1930க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். அந்த எண்ணை ஃபோனில் பதிந்து வைப்பதோடு, பர்ஸிலும் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். பின் நம்பரை மட்டும் அவரே வைத்துக்கொள்ளட்டும். பேரனிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.